பற்றாத அடுப்பும் ஒரு சிறு பொய்யும்

முதியவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்று எவரேனும் கூறினால், அன்பு வாசகர்களே, உடனே நம்பிவிடாதீர்கள். கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும், எழுபதை எட்டிப் பிடிக்கும் வயதில், ஒரு பொய் சொன்னோம். சொன்னவர் ஒருவர், அருகில் நின்று வாய் திறவாமல் இருந்தவர் மற்றவர். ஆகவே அந்தப் பொய் எங்கள் இருவருக்கும் பொதுச் சொத்து. அதில் இருந்தவை இரண்டே சொற்கள். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்கு எங்கள் மருமகளின் முகத்தையும், ஏழு மாதப் பேத்தியின் மூச்சையும் விலையாகக் கொடுக்க நேர்ந்திருக்கும். நேராமற் போனது எங்கள் சாமர்த்தியத்தால் அன்று. எனவேதான் நடந்ததை நடந்தபடியே எழுதத் துணிந்தோம்.

எங்கள் மகன் அமெரிக்க நாட்டில் நியூ ஹாம்ப்ஷயர் என்னும் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றுகிறான். மாநிலத் தலைநகரான காங்கார்டிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் சென்றால் அவன் வாழும் சிற்றூர். சுற்றிலும் மலையும் காடும். முதல் பேத்தி பிறந்த செய்தி கேட்டு, 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தஞ்சை மாவட்டத்தை விட்டு முதன்முறையாகக் கடல் கடந்தோம். குளிர் என்றால் மார்கழிப் பனி என்று எண்ணியிருந்த எங்களுக்கு, குளிர் என்பது ஒரு பகைவன் என்பதை அந்த ஊர் கற்பித்தது. அங்கே வீட்டைச் சூடாக வைத்திருப்பது வசதிக்காக அன்று, உயிருக்காக. சூடு குறைந்தால் மனிதர் நடுங்குவதோடு முடியாது. சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும்.

அந்த வீட்டின் முன்னறையில் ஒரு கணப்படுப்பு இருந்தது. 'பெல்லட் ஸ்டவ்' என்பார்கள். நம் நாட்டில் காணாத பொருளாகையால் அதைச் சற்று விளக்கிச் சொல்வது நலம். மரம் அறுக்கும் பட்டறைகளில் மிஞ்சும் தூளை உலர்த்தி, பெரும் அழுத்தத்தோடு சிறு துளைகளின் வழியே தள்ளினால், ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் பருமனுள்ள குட்டையான குச்சிகள் கிடைக்கும். பசை எதுவும் வேண்டியதில்லை. மரத்திலேயே இயற்கையாக உள்ள 'லிக்னின்' என்னும் பொருள் அந்த அழுத்தச் சூட்டில் இளகி, பிறகு இறுகித் தூளைப் பிணைத்துவிடும். இவற்றையே பெல்லட் என்கிறார்கள். பார்வைக்குக் கோழித் தீவனம் போலிருக்கும். 40 பவுண்டு, அதாவது 18 கிலோ நிறையுள்ள மூட்டைகளாக விற்கிறார்கள்.

1973-ஆம் ஆண்டு எண்ணெய் விலை திடீரென ஏறிய காலத்திலிருந்தே குளிர்நாட்டார் மாற்று எரிபொருளைத் தேடலாயினர். வீட்டுக்குள் வைக்கும் அளவிலான பெல்லட் அடுப்பு 1980-களில் அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் உருவாயிற்று. விமானத் தொழிலில் பொறியாளராக இருந்த ஜெர்ரி விட்ஃபீல்டு என்பவர் அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவராகப் பேசப்படுகிறார்.

அடுப்பின் வேலை முறை இது. மேலே ஒரு தொட்டி. அதில் பெல்லட்டைக் கொட்டிவிடுகிறோம். தொட்டியின் அடியில் ஒரு திருகுத் தண்டு விட்டுவிட்டுச் சுழன்று, சிறிது சிறிதாக எரிகிண்ணத்தில் குச்சிகளைச் சொரிகிறது. கிண்ணத்தின் அடியிலும் பக்கத்திலும் துளைகள் உண்டு. ஒரு விசிறி புகையைக் குழாய் வழியே வெளியே இழுக்க, அந்த இழுப்பினால் துளைகளின் வழியே காற்று கிண்ணத்துக்குள் புகுகிறது. மற்றொரு விசிறி சூட்டை அறைக்குள் வீசுகிறது. தீக்குச்சி வேண்டா, ஊதாங்குழல் வேண்டா. கிண்ணத்தின் அருகே பென்சில் போன்ற ஒரு சிறு உலோகத் தண்டு, மின்சாரத்தால் பழுக்கக் காய்ந்து, தன்னைக் கடந்து செல்லும் காற்றைக் கொதிக்கச் செய்கிறது. அந்தக் காற்றுப் பட்டுச் சில நிமிடங்களில் குச்சிகள் பற்றிக்கொள்ளும். இந்தத் தண்டிற்கு 'இக்னைட்டர்' என்று பெயர். நாம் தீமூட்டி என்போம். தீ பற்றியவுடன் அதன் வேலை முடிந்தது. பிறகு தீயே தீயை வளர்த்துக்கொள்ளும்.

அறை போதுமான அளவு சூடானால் அடுப்பு தானே அணையும். குளிர்ந்தால் தானே மூளும். "அப்பா, இதை நீங்கள் தொடவே வேண்டாம். எல்லாம் அதுவே செய்துகொள்ளும்" என்று மகன் முதல் நாளே கூறிவிட்டான். ஆனால் 'தொட வேண்டாம்' என்ற சொல் எங்களில் ஒருவருடைய உள்ளத்தில் சற்றே தைத்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்தவரிடம் ஓர் அடுப்பைத் தொட வேண்டாம் என்பதா?

நிற்க. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை. வடதுருவத்திலிருந்து கடுங்குளிர் காற்று இறங்கி வருகிறதென்று இரு நாட்களாகவே வானொலியும் தொலைக்காட்சியும் எச்சரித்தவண்ணம் இருந்தன. அந்த மாநிலத்தில் மவுண்ட் வாஷிங்டன் என்னும் மலை உண்டு. 1934-ஆம் ஆண்டு ஏப்ரலில் மணிக்கு 231 மைல் வேகத்தில் வீசிய காற்றை அளந்து பதிவு செய்த வானிலை நிலையம் அதன் உச்சியில் இருக்கிறது. அன்றிரவு அந்த உச்சியில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழ் 44 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், உடல் உணரும் குளிர் பூஜ்யத்திற்குக் கீழ் 78 பாகை. நாங்கள் இருந்தது பள்ளத்தாக்கில். அங்கேயே வாசலில் தொங்கிய வெப்பமானி பூஜ்யத்திற்குக் கீழ் 26 பாகை காட்டியது.

மகனுக்கு அன்று இரவுப் பணி. மாலை ஆறு மணிக்கே கிளம்பிவிட்டான். மருமகள் மாடியில் குழந்தையை உறங்க வைத்துக்கொண்டிருந்தாள். படுக்கையறைகளில் சுவரோரமாக மின்கணப்புகள் இருந்தன. ஆயினும் முன்னறையையும் சமையலறையையும் காக்கும் பொறுப்பு பெல்லட் அடுப்புக்கே உரியது. எட்டரை மணியளவில் அறை சில்லிடத் தொடங்கியது. பார்த்தால் அடுப்பில் தீ இல்லை. முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. தானே மூள முயன்று, மூள முடியாமல், இயந்திரம் கையை விரித்துவிட்டது என்பதே அதன் பொருள்.

மருமகளை அழைத்திருக்கலாம்; அழைக்கவில்லை. எங்களில் விஞ்ஞானம் கற்பித்தவர் முன்சென்று தொடக்கப் பொத்தானை அழுத்தினார். திருகு சுழன்றது. வறுத்த கடலையைத் தட்டில் கொட்டுவது போலக் குச்சிகள் கலகலவென்று விழுந்தன. விசிறி இரைந்தது. இருபது நிமிடம் காத்திருந்தோம். தீ வரவில்லை, சிவப்பு விளக்கு வந்தது. மீண்டும் அழுத்தினார். மீண்டும் கலகலவென்ற ஓசை. மீண்டும் இருபது நிமிடம். மீண்டும் சிவப்பு விளக்கு.

எங்களில் மற்றவர் அடுப்பங்கரையில் வளர்ந்தவர். சவுக்கு விறகும் வரட்டியும் வைத்து மண்ணடுப்பில் ஐம்பது பேருக்குச் சோறு வடித்த குடும்பத்தில் பிறந்தவர். அவர் கண்ணாடிக் கதவின் வழியே எட்டிப் பார்த்து, "கிண்ணம் நிரம்பிக்கொண்டே போகிறதே. அடைத்து வைத்த அடுப்பு புகையுமே தவிர எரியாது" என்றார்.

"இது உன் மண்ணடுப்பு அன்று. இதற்கென்று கணக்கு இருக்கிறது" என்று விடை வந்தது. மூன்றாம் முறையும் பொத்தான் அழுத்தப்பட்டது. இயந்திரம் தானாக முயன்றதையும் சேர்த்தால் நான்கு வேளைக் குச்சிகள் அந்தச் சிறு கிண்ணத்தில் குவிந்துவிட்டன. ஓரத்தில் வழிந்து கீழேயும் சிதறின. மணி ஒன்பதரையைத் தாண்டியது. மகனைத் தொலைபேசியில் அழைத்தோம். நோயாளிகளிடையே இருந்தான் போலும், எடுக்கவில்லை.

குளிர் உணர்ந்து மருமகள் குழந்தையைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். நிலைமையைக் கண்டதும் பதறவில்லை. சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் கணவன் கையாலேயே இந்த அடுப்பைப் பற்றவைத்ததை அவள் பார்த்திருந்தாள். அதற்கென்றே விற்கப்படும் எரிகூழ் ஒரு குப்பியில் அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தவள் கேட்டாள்:

"மாமா, பொத்தானை எத்தனை முறை அழுத்தினீர்கள்?"

"ஒரு முறைதான்" என்றோம்.

ஏன் அப்படிச் சொன்னோம்? இன்றுவரை எங்களுக்கே வியப்பு. மூன்று என்று சொன்னால் வானம் இடிந்து விழுந்திராது. ஆனால் 'தொட வேண்டாம்' என்று சொல்லப்பட்டதை மூன்று முறை தொட்டோம் என்று பிள்ளையைப் போன்றவளிடம் ஒப்புக்கொள்ள நா எழவில்லை. ஒன்று என்றால் அறியாமை. மூன்று என்றால் பிடிவாதம். அறியாமையை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தோம், பிடிவாதத்தை அன்று.

அவள் கதவைத் திறந்து பார்த்துத் தயங்கினாள். "ஒரு முறைக்கா இவ்வளவு குச்சி விழுந்திருக்கிறது?" என்றாள். நாங்கள் மறுமொழி கூறவில்லை. முதற் பொய்யை ஒருவர் சொன்னார். இந்த இரண்டாம் பொய்யை இருவருமாக, வாய் திறவாமலே சொன்னோம்.

குழந்தையைப் பாட்டியின் மடியில் கொடுத்துவிட்டு, அவள் குவியலின் மேல் கூழைத் தடவி நெருப்பு வைத்தாள், கதவைச் சாத்தினாள், விசையைத் தட்டினாள். மேலே நீலச் சுடர் பரவியது. 'அப்பாடா' என்றிருந்தது எங்களுக்கு. ஆனால் ஒரு நிமிடத்தில் சுடர் குன்றி, புகை கிளம்பியது. மண்ணடுப்பின் மெல்லிய புகை அன்று அது. வெளிர் மஞ்சள் நிறமாக, மோர் போலத் தடித்த புகை. கண்ணாடிக்கு உட்புறம் முழுவதும் நிறைந்து உள்ளே எதுவும் தெரியாமற் போயிற்று. என்ன ஆயிற்றென்று பார்க்க மருமகள் குனிந்தாள். கதவின் கைப்பிடியை நோக்கி அவள் கை நீண்டது.

'டம்' என்றது. பீரங்கி ஓசை அன்று. கனத்த கதவை ஓங்கிச் சாத்தினாற் போன்ற ஓசை. கண்ணாடி அதிர்ந்தது. உள்ளே வெண்மஞ்சளாய் ஒரு மின்னல். கதவின் இடுக்கிலிருந்தும் குழாய் மூட்டிலிருந்தும் புகையும் சாம்பலும் பீறிட்டு அறைக்குள் பாய்ந்தன. கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி வீறிட்டது. குழந்தை அதைவிட உரக்க வீறிட்டது. மருமகள் இரண்டடி பின்னால் விழுந்து கிடந்தாள்.

அடியேதும் படவில்லை. அவள் கை கைப்பிடியை இன்னும் தொட்டிருக்கவில்லை. தொட்டுத் திறந்திருந்தால் அந்தத் தீப்பிழம்பு அவள் முகத்திற்கு நேரே வந்திருக்கும். பாட்டியும் பேத்தியும் அமர்ந்திருந்த நாற்காலிக்கும் அடுப்புக்கும் இடையே நான்கடி தூரந்தான்.

காரணத்தைப் பிறகு அறிந்தோம். காற்றுப் புகும் துளைகளெல்லாம் குச்சிக் குவியலால் மூடப்பட்டிருந்தன. மேலே வைத்த நெருப்புக்குக் காற்றுப் போதவில்லை. சூடேறிய மரம், எரிவதற்குப் பதிலாக, எரியும் தன்மையுள்ள வாயுக்களைக் கக்கியது. நாம் புகை என்று நினைக்கும் அது உண்மையில் எரியாத எரிபொருள். அது அறையளவு நிறைந்த பின் எங்கோ ஒரு பொறி காற்றைச் சந்தித்தால், அத்தனையும் ஒரே கணத்தில் பற்றும். எரிய வேண்டியது சிறிது சிறிதாக எரியாமற் போனால், சேர்த்து வைத்து ஒரே நொடியில் எரியும்.

ஜன்னல்களைத் திறந்தோம். பூஜ்யத்திற்குக் கீழ் 26 பாகைக் குளிர் உள்ளே பாய்ந்தது. எங்களில் ஒருவர் பதற்றத்தில் அடுப்பின் மின்செருகியைப் பிடுங்கப் போனார். "வேண்டாம் மாமா, விசிறி நின்றால் புகையெல்லாம் வீட்டுக்குள்ளேதான் வரும்" என்று மருமகள் தடுத்தாள். அப்போதுதான், அந்தச் சாம்பலும் அழுகையும் நிறைந்த அறையில், "அம்மா, ஒரு முறை அன்று, மூன்று முறை அழுத்தினோம்" என்று சொன்னோம்.

அவள் சற்று நேரம் எங்களைப் பார்த்தாள். கோபித்திருக்கலாம், கோபித்திருந்தால் எங்களுக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும். "நல்லவேளை, கதவைத் திறக்கவில்லை" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "அத்தை, குழந்தையை மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்" என்று கூறிவிட்டு, எதிர் வீட்டுப் பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

எண்பது வயதை நெருங்கிய அந்த மனிதர், இடுப்பளவுப் பனியின் நடுவே வெட்டியிருந்த பாதையில், கைவிளக்கோடு ஐந்தே நிமிடத்தில் வந்து சேர்ந்தார். மனைவியை இழந்து தனியே வாழ்பவர். அவர் வீட்டிலும் இத்தகைய அடுப்பே. கையுறையைக் கழற்றுமுன் அவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை முறை முயன்றீர்கள்?"

மருமகள் எங்களுக்காக விடை கூறவில்லை, எங்களைப் பார்த்தாள். "தானாக ஒரு முறை, நாங்கள் மூன்று முறை. ஆக நான்கு" என்றோம். பெரியவர் தலையசைத்தார். "நன்று. எல்லோரும் ஒன்று என்றுதான் சொல்வார்கள்" என்றார்.

அந்தச் சொல் எங்களைச் சுட்டது. அடுப்பு சுடாத சூட்டை அது சுட்டது.

இதற்குள் குவியல் முழுவதும் பற்றி, தீ கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. "இனி கதவைத் தொடாதீர்கள். எரிவது எரியட்டும், விசிறி ஓடட்டும்" என்றார். குழாய் மூட்டுகளை விளக்கொளியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவைக் காட்டிக்கொடுக்கும் கருவி வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு உறங்குபவரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். ஆகவே அடுப்புள்ள வீட்டில் அந்தக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும். அரை மணியில் குவியல் தணிந்து, தீ இயல்பான அளவுக்கு வந்தது. "தீமூட்டி செத்துப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் எரிகிற அடுப்புக்குத் தீமூட்டி தேவையில்லை. தானே அணைந்து மூளும் முறையை நீக்கிவிட்டுச் சிறு தீயாக விடாமல் எரியவிடுங்கள். குளிர் விலகும் வரை அணையவிடாதீர்கள்" என்று கூறி, அந்த விசையையும் மாற்றி வைத்தார். சமையலறைக் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட்டார். ஓடும் நீர் எளிதில் உறையாதாம். நள்ளிரவுக்குப் பிறகே வீடு திரும்பினார். ஒரு கோப்பைத் தேநீருக்கு மேல் எதையும் ஏற்கவில்லை.

அன்றிரவு நாங்கள் உறங்கவில்லை. முறை போட்டுக்கொண்டு தீயைக் காவல் காத்தோம். மூன்று மணி சுமாருக்கு எங்களில் ஒருவர் மற்றவரிடம், "அடைத்த அடுப்பு புகையும் என்று நீ சொன்னாய்" என்றார். "சொன்னேன். ஆனால் அவள் கேட்டபோது நான் சொல்லவில்லையே" என்றார் மற்றவர். அதற்குமேல் பேச எங்களுக்கு ஒன்றுமில்லை.

காலையில் மகன் வந்தான். மருமகள் அவனிடம் அடுப்புப் பழுதானதை மட்டும் சொன்னாள், பொய்யைச் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டதே எங்களை நாங்களாகச் சொல்ல வைத்தது. அவன் முகம் வெளிறியது. பிறகு மெதுவாக, "ஒரு முறைக்கு மேல் முயன்றிருந்தால் கிண்ணத்தைக் காலி செய்த பிறகே கையால் பற்றவைக்க வேண்டும் என்று நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் கேட்டிருக்கிறாள்" என்றான். அவளுடைய கேள்வி எங்களைக் குற்றங்காண எழுந்த கேள்வியன்று. காலி செய்வதா, வேண்டாமா என்று தீர்மானிக்க எழுந்த கேள்வி. நாங்களோ அதை விசாரணையாக எடுத்துக்கொண்டோம்.

ஞாயிறன்று குளிர் தணிந்தது. அடுப்பை அணைத்து, முழுதும் ஆறவிட்டு, மின்செருகியைக் கழற்றிவிட்டு, மகன் பழுது பார்க்க அமர்ந்தான். தீ பற்றாவிட்டால் உடனே தீமூட்டிமேல் பழி போடக்கூடாதாம். எரிகிண்ணத்தின் துளைகள் சாம்பலாலும் கரிக்கட்டியாலும் அடைபட்டிருக்கலாம், கிண்ணம் தன் இடத்தில் சரியாக அமராதிருக்கலாம், குச்சிகள் ஈரம் பட்டு உப்பியிருக்கலாம், ஃப்யூஸ் போயிருக்கலாம், கம்பி இணைப்புத் தளர்ந்திருக்கலாம். எளிதானவற்றை முதலில் பார்த்துவிட்டே கடினமானதற்குப் போக வேண்டும். எல்லாம் பார்த்தான், எல்லாம் சரியாகவே இருந்தன.

பின்பக்கத் தகட்டைக் கழற்றி, தீமூட்டியின் இரு கம்பிகளையும் பிரித்து, மல்டிமீட்டரை வைத்தான். விஞ்ஞான ஆசிரியருக்கு அப்போதுதான் ஒரு வேலை கிடைத்தது. தண்டின்மேல் 120 வோல்ட், 300 வாட் என்று பொறித்திருந்தது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் மின்தடை வரும்: 14,400-ஐ 300-ஆல் வகுக்க 48 ஓம். நல்ல தண்டாயின் கருவி அந்த எண்ணை ஒட்டிக் காட்ட வேண்டும். அது எதையும் காட்டவில்லை. உள்ளே இருந்த மெல்லிய கம்பி அறுந்துபோயிருந்தது. ஒவ்வொரு முறை மூளும்போதும் காய்ந்து, ஒவ்வொரு முறை அணையும்போதும் ஆறி, சில ஆண்டுகளில் இப்படி அறுந்துபோவது அதன் இயல்பாம். அடிக்கடி அணைத்து மூட்டினால் விரைவில் தேயும்.

அதே நீளமும் அதே வாட்டும் உள்ள புதிய தண்டு வந்து சேர நான்கு நாட்களாயின. அந்த நாட்களில் அடுப்பைக் கையால் பற்றவைக்கும் பொறுப்பை எங்களிடமே மகன் ஒப்படைத்தான். 'தொட வேண்டாம்' என்றவன் இப்போது, 'நீங்களே செய்யுங்கள்' என்றான். இந்த நம்பிக்கை எங்களை வெட்கமுறச் செய்தது. முறை எளியது; அடுப்போடு வந்த கையேட்டிலும் அது இருந்தது. ஆறிய கிண்ணத்தை முற்றும் காலி செய்ய வேண்டும். துளைகளைச் சுரண்டிச் சுத்தமாக்க வேண்டும். ஒரு கைப்பிடி குச்சி மட்டும் இட்டு, அதற்கென்றே உரிய எரிகூழைச் சிறிது கலந்து, தீ வைத்துச் சுடர் நிலைத்ததும் கதவைச் சாத்தி விசையைத் தட்ட வேண்டும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஒருபோதும் கூடாது. கனல் இருக்கும்போது கூழை மீண்டும் ஊற்றவும் கூடாது. பற்றவில்லையென்றால் மறுபடியும் காலி செய்து, ஆறவிட்டு, முதலிலிருந்தே தொடங்க வேண்டும். உள்ளே புகை நிறைந்திருந்தால் கதவைத் திறக்கவே கூடாது. அடுப்பங்கரையில் வளர்ந்தவர் இதில் இரண்டே நாளில் தேர்ச்சி பெற்றார். மற்றவர் கிண்ணத்தைச் சுரண்டும் எடுபிடியானார்.

வியாழனன்று புதிய தண்டு வந்தது. மகன் பழையதை உருவி, புதியதை அதே துளையில் அதே ஆழத்திற்குச் செருகி, திருகை அளவாக முடுக்கி, கம்பிகள் சூடான தகட்டில் படாதவாறு ஒதுக்கிக் கட்டினான். அரை மணி வேலை. "யார் அழுத்துவது?" என்று மருமகள் கேட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு முறை அழுத்தினோம். ஐந்தாம் நிமிடம் மெல்லிய புகை. பிறகு ஒரு சுடர். எத்தனை சிறிய பொருள் அந்தத் தண்டு! அது இறந்தது யாருடைய குற்றமும் அன்று. அது இறந்ததால் ஆபத்தும் நேரவில்லை. ஒரு தண்டு பழுதானால் அடுப்பு பற்றாமல் இருக்கும், அவ்வளவுதான். ஒரு வீட்டை ஆபத்துக்குள்ளாக்கியது நாங்கள் சொன்ன எண்.

சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில், பாவசங்கீர்த்தனத்தில் சாவான பாவத்தின் வகையை மட்டுமன்றி எத்தனை முறை என்பதையும் சொல்ல வேண்டும் என்று கற்பித்தார்கள். வகை போதாதா, எண்ணிக்கை எதற்கு என்று அப்போது விளங்கவில்லை. எண்ணிக்கையில்தான் மனிதனுடைய பிடிவாதம் தெரிகிறது என்பதை அந்தக் கிண்ணம் நிறைந்த குச்சிகள் எங்களுக்கு விளக்கின.

வாசகர்களே, உங்கள் பிள்ளைகளும் குளிர்நாடுகளில் வாழலாம். நீங்களும் பேரப்பிள்ளைகளைக் காணச் செல்லலாம். அங்குள்ள அடுப்பைப் பற்றி மேலே எழுதியவற்றை நினைவில் வையுங்கள். அடுப்பே இல்லாத ஊரில் வாழ்பவர்களுக்கும் ஒன்று சொல்வோம். வைத்தியர், 'எத்தனை மாத்திரை விழுங்கினீர்கள்?' என்று கேட்கும்போதும், கொத்தனார், 'எத்தனை நாள் தண்ணீர் ஊற்றினீர்கள்?' என்று கேட்கும்போதும், அவர்கள் நம்மைக் குற்றங்காணக் கேட்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று அறியவே கேட்கிறார்கள். விடை பொய்யானால், எத்தனை கெட்டிக்காரரும் தவறான இடத்திலிருந்தே தொடங்குவார்.

நாங்கள் மே மாதத்தில் ஊர் திரும்பினோம். ஒரு மாதங்கூட ஆகியிராது. வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டார் ஓடாமல் நின்றுவிட்டது. மெக்கானிக் தம்பி வந்தார். கருவிப்பையைத் தரையில் வைத்துவிட்டு, "ஐயா, ஓடவில்லை என்று தெரிந்த பிறகு எத்தனை தடவை சுவிட்சைப் போட்டீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஐந்து தடவை, தம்பி" என்றோம்.

"அப்படியானால் முதலில் காயிலைத்தான் பார்க்க வேண்டும்" என்று அவர் நேரே வேலையில் இறங்கினார்.